மச்சு வீட்டுக்கு ஒரு மெஷர்மென்ட் சார்ட்

பெருமாநல்லூர் கிட்டுசாமியின் பனியன் கம்பெனிக்கு டீ-சர்ட் வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃப்ரீடவுன்காரர் கோக்கர், டீ-சர்ட்டைப் பார்த்ததைவிடப் பக்கத்து மச்சு வீட்டைப் பார்த்ததுதான் அதிகம். இதை முதலில் கவனித்தவள் சீனியம்மாள். கவனிக்காமல் இருப்பாளா? அந்த வீட்டின் கீழ்ப்பாதியில் குடியிருப்பவளே அவள்தான்.

வீடும் கிட்டுசாமியுடையதுதான். பஞ்சு வியாபாரக் காலத்தில் அவருடைய முன்னோர் கட்டியது. கீழே கல்; மேலே சுவர், தரை, படி எல்லாமே பலகை. சுற்றிலும் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பி வெயிலை மறைத்த பிறகும் அது மட்டும் நடுவில் பழைய பெட்டிபோல உட்கார்ந்திருந்தது. தை பிறந்ததும் இடித்துவிட்டு கோடவுன் கட்டப்போவதாகக் கிட்டுசாமி சொல்லிவிட்டார். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து பதினொரு வருஷமாக அவர் கம்பெனியிலேயே செக்கிங் பார்க்கும் சீனியம்மாளுக்கு, சைரன் ஊதிய பிறகு கிளம்பினாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய வீடு இனி எங்கே கிடைக்கும்?

இந்த நேரத்தில் சரக்கு வாங்க வந்த பையர் பலகையைத் தட்டிப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதுமாக இருந்தால் மனசு சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து படியை அளந்தார்.

விஷயம் உடனே மதிலுக்குப் போனது. அந்தத் தெருவின் பாதிச் செய்தி அந்த மதில் மேல்தான் காயும். மதிலுக்கு அந்தப் பக்கம் செல்லாத்தாள்.

"மரத்துக்குத்தானுங்க, வேறென்ன. எங்க சம்மந்தி ஊட்டு வாசல் நெலவையும் இப்பிடித்தான் தட்டித் தட்டிப் பாத்துக் கழட்டீட்டுப் போனாங்க."

"தை வரைக்கும் இருன்னு சொன்ன வாயிதானக்கா அது. கார்த்திகையிலயே ஆள் விடுதாரு பாருங்க."

"நாலு நாளா உங்க மொதலாளி ஒரே சிரிப்பு. பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். புதுப் பல்செட்டு இன்னும் வாய்க்குப் படியாததால்தான் அவர் அப்படித் தெரிந்தார் என்பது இருவருக்கும் தெரியாது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சீனியம்மாள் டீயோடு கோக்கர் இருந்த மச்சுக்கு ஏறினாள். கை டீயை நீட்டியது. கண் அவர் கையிலிருந்த காகிதத்துக்குப் போனது. அவள் தினமும் கையாளும் அதே மெஷர்மென்ட் சார்ட்தான். ஏ, பி, சி என்று எழுத்துகள், எதிரே அளவுகள், கூடக்குறைய அரை இஞ்ச் வரை பரவாயில்லை என்ற குறிப்பு. டீ-சர்ட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மரப்படி இருந்தது.

"என்னத்துக்கு சார் அளக்குதீக? மரம் வேணுமோ?"

பத்து வருஷமாக வந்துபோகும் கோக்கருக்குத் தமிழ் துண்டுதுண்டாக வரும். "மரம் வேண்டாம்மா," என்று போனை நீட்டினார். ஃப்ரீடவுனில் கல் அடித்தளத்தின் மேல் ஒரு பலகை வீடு. இரண்டு பக்கமும் ஐந்து மாடிக் கான்கிரீட் நெருக்கிக்கொண்டு நின்றது.

"எங்க வீடு. ரொம்பப் பழசு. எல்லாரும் இடி சொல்றாங்க. நான் ரிப்பேர். படி போச்சு. இந்தப் படி அதே மாதிரி. இதுதான் சாம்பிள்."

சீனியம்மாள் லேசில் நம்பவில்லை. படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். படி இருக்க வேண்டிய இடத்தில் ஏணி சாத்தியிருந்தது. ஏமாற்ற வருகிறவன் இன்னும் நல்ல வீடாகத்தானே காட்டுவான் என்று அரை மனதாக நம்பினாள்.

நம்பியதும் காலி டம்ளரோடு நேரே முதலாளி ரூமுக்குப் போனாள். பையர் ஓகே சொன்ன சாம்பிளைக் கடைசிப் பெட்டி கப்பல் ஏறும்வரை யாரும் தொடக்கூடாது. முன்பு ஒருத்தன் அப்படியொரு சாம்பிளை வெட்டி மெஷின் துடைக்க, மொத்த ஆர்டரும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கிட்டுசாமி சாம்பிள்களை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

"மொதலாளி, கோக்கர் சார் மச்சு வீட்ட சாம்பிளா வச்சிருக்காவ. அது முடியாம கை வைக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

"ஊட்டுக்கு ஏதம்மா சாம்பிளு? நீ ஏதாச்சும் சொல்லிக் குடுத்தியா?"

"எனக்கு ஏது மொதலாளி அந்தப் பாஷையெல்லாம்?"

ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் கோக்கரிடம் கேட்டார். மறுநாள் மச்சு வீட்டுக் கதவில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது: அப்ரூவ்டு, ஃப்ரீடவுன் ரிப்பேர் முடியும்வரை தொடக்கூடாது. கீழே தேதியும் கோக்கரின் கையெழுத்தும்.

தை வந்தது, போனது. ஆடியில் கோக்கர் மறுபடி வந்தார். கம்பெனி வாசலிலேயே சீனியம்மாள் மறித்தாள்.

"வீடு முடிஞ்சிட்டா சார்?"

அவர் பெருமையோடு போனைக் காட்டினார். ஏணி போய்ப் புதுப் படி வந்திருந்தது. அப்படியானால் மச்சு வீட்டு அட்டைக்கு இனி வேலையில்லை. பின்னாலிருந்து கிட்டுசாமி எட்டிப் பார்த்தார். இந்த முறை நிஜமாகவே சிரித்தார்.

அவள் படத்தை விரித்துத் தையல் பார்ப்பதுபோல ஒவ்வொரு படியாகப் பார்த்தாள்.

"அஞ்சாவது படி சரிஞ்சிருக்கு சார். ரிஜெக்ட்."

"அதானே பாத்தேன்," என்று போனைப் பிடுங்கினார் கிட்டுசாமி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கண்ணில் பட்ட குறையை இல்லை என்று சொல்ல அவருக்கும் வாய் வராது. "அரை இஞ்சுக்கு மேலதானுங்க இருக்கும்," என்று முனகினார்.

கோக்கர் அங்கேயே ஆசாரிக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் மதிலடியில் செல்லாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "ஏனுங்க, மெய்யாலுமே சரிஞ்சிருந்துச்சுங்களா?"

"நா எதுக்குக்கா பொய் சொல்லப்போறேன்?"

ஒன்பதாவது படியும் சரிந்திருந்ததை அவள் சொல்லவில்லை. அதை அடுத்த ஆடிக்கு வைத்திருந்தாள்.