காலியாக இருந்த கட்டம்

குண்டு ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஆள் என்னவோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததற்காக ஒட்டிக்கொண்ட பெயர் அது. புது மாதிரி லிஃப்டுகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வரும்படி கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நகல் வாங்கலாம் என்று பதிவு அலுவலகத்துக்குப் போனான்.

கவுண்டரில் இருந்த எழுத்தர் அம்மாள் எதற்குச் சான்றிதழ் என்று விசாரித்துவிட்டு, பிறந்த தேதியையும் பெற்றோர் பெயரையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"சார், பேரே பதியல. வெறும் ஆண் குழந்தைன்னு இருக்கு."

"அந்தக் குழந்தை நான்தாங்க."

அவனுடைய நரைத்த மீசையைப் பார்த்து அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது சரி. அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்து பேரை எழுதிக் கையெழுத்துப் போடணும். இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றான் குண்டு. இருப்பதுதான் பிரச்சினை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் இருவரையும் பஸ்ஸில் அழைத்து வந்தான். அப்பா அவனுடைய பள்ளிக்கூடப் பெயரை முத்து முத்தாக எழுதிக் கையெழுத்திட்டுப் பேனாவை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் போட மாட்டேன்."

"ஏன்மா?"

"நீ பொறந்தப்போ எங்கப்பா பேரைத்தான் வைக்கணும்னு சொன்னேன். இவர் முடியாதுன்னார். அந்தச் சண்டையில கட்டம் காலியாவே போச்சு. அப்புறம் உன் தங்கச்சியப் பெத்துட்டு நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ, சத்தமில்லாம ஸ்கூல்ல இவருக்குப் பிடிச்ச பேரைக் குடுத்துட்டு வந்துட்டார்."

குண்டுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா இத்தனை வருஷமும் தன்னைக் குண்டு என்று மட்டுமே கூப்பிட்டது செல்லத்தால் என்றல்லவா நினைத்திருந்தான்! வைராக்கியமா அது?

"அதையெல்லாம் இங்க வந்தா கிளறுவ?" அப்பா பல்லைக் கடித்தார்.

"வேற எங்க கிளறுறது? கட்டம் இங்கதானே காலியா இருக்கு."

வரிசையில் நின்றவர்களுக்கு நேரம் போவதே தெரியவில்லை. கைக்குழந்தையோடு நின்ற பெண், அம்மாவின் கட்சியில் சேர்ந்துகொண்டாள். இறப்புச் சான்றிதழுக்கு வந்திருந்தவர்கூடத் துக்கத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, "என்ன இருந்தாலும் கேக்காம செஞ்சது தப்புதான் சார்" என்றார்.

எழுத்தர் அம்மாள் குறுக்கிட்டார். "அம்மா, வேற பேரு எழுதினா இவரோட ஸ்கூல் சர்டிபிகேட், லைசென்ஸ் எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குள்ள அந்தப் புது லிஃப்டே பழசாயிடும்."

அம்மா அசையவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரலில் குண்டு கேட்டான்: "அம்மா, உனக்கு இப்ப என்ன வேணும்? அதை மட்டும் சொல்லு."

"பேரு இதே இருக்கட்டும். திருட்டுத்தனமா வச்சேன்னு இவரு வாயால சொல்லட்டும்."

அப்பா ஃபேனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தொண்டைக்குள் ஏதோ முனகினார்.

"காதுல விழல" என்றது வரிசை.

"திருட்டுத்தனமாத்தான் வச்சேன்! போதுமா? உங்கப்பா பேரு பிடிக்காம இல்ல. அந்தப் பெரிய மனுஷன் பேரைச் சொல்லி என் புள்ளைய நான் எப்படித் திட்டுறது?"

அம்மா, "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று பேனாவை வெடுக்கென்று பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மதியத்துக்கு மேல் சான்றிதழ் வந்தது. அம்மா அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, அவன் பெயரை வாய்விட்டுப் படித்தாள். குண்டுவுக்கு வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி கூச்சமாக இருந்தது.

"பரவால்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"ரொம்பப் பூரிக்க வேணாம். படி இறங்கணும், கையைப் பிடிங்க."