மூக்கம்மாவின் முதல் ஸ்காட்ச்

கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாக மூன்று சுற்றுச் சுற்றி, கையை எடுத்ததும் மூக்கை உள்ளே விட்டு, குட்டிக் குட்டியாக மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் மூடினாள், சுற்றினாள், இழுத்தாள். மூக்குக்குள் லேசாகக் காந்தியதே தவிர வேறெதுவும் வரவில்லை. எதிரே கடைக்காரர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, மார்க் போடப்போகும் வாத்தியாரைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பீர் காய்ச்சுகிறவள் என்று தெரிந்ததும் ஆள் குளிர்ந்துபோய், ருசி பார்க்கவென்று திறந்து வைத்திருந்த மூன்று ஸ்காட்ச் பாட்டில்களை உள்ளறையிலிருந்து எடுத்துவந்து பரப்பியிருந்தார்.

"எப்படி மேடம்? தேன் வருதா?"

"வருது," என்றாள். எரிச்சல்தான் வந்தது. தேன் வரவில்லை.

அவள் வேலை செய்யும் ப்ரூவரி சின்னது. முன்பு அச்சகமாக இருந்த கூடத்தில் நாலைந்து டேங்குகளை நிறுத்தி முதலாளி ஆரம்பித்தது. அங்கே அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். மூடியைத் திறக்காமலேயே எந்த டேங்கில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள் என்பது கொஞ்சம் கண் காது மூக்கு வைத்துச் சொல்லப்படும் கதை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. நனைந்த அட்டை வாடை, வெட்டி வைத்த ஆப்பிள் வாடை, வெந்த முட்டைக்கோஸ் வாடை என்று பீரில் வரக்கூடாதவை எதுவும் அவளிடம் தப்பாது. போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். போகும்போது சும்மா போகாமல் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் "வரும், வரும், பொறுமையா இருங்க" என்றார். எப்போது வரும் என்று கேட்டால் அதற்கும் "வரும்" என்றார். பஸ் நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கூட இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லியிருப்பார்.

வாரக் கடைசியில் வேலை முடிந்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, டேங்கிலிருந்து நேராகப் பிடித்த முதல் கோப்பையோடு பின்வாசல் படியில் உட்காருவது அவளுக்கு ஒரு தனி சுகமாக இருந்தது. முதலில் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியதுபோல் ஒரு வாசனை. அது அடங்கும்போது வெட்டிய புல். அதற்கடியில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. ஒரு வாய் குடிப்பதற்கு முன்பே பாதி பீரை மூக்கால் குடித்து முடித்திருப்பாள். இப்போது அதே படியில் அதே கோப்பையோடு உட்கார்ந்தால் குளிர்ச்சி தெரிகிறது, குமிழி தெரிகிறது, நாக்கின் அடியில் ஒரு கசப்பு தெரிகிறது. குழாயடியில் சோடா குடிப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. போன வாரம் பாதியை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுவதற்குக் கூச்சமாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று தள்ளிப்போட்டதில் இடையில் ஒரு கறுப்பு பீர் தயாராகி, அவள் முன்னால் வந்து நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மூடினாள், சுற்றினாள், இழுத்தாள். கருவிகள் காட்டிய அளவெல்லாம் சரியாக இருந்தது. நாக்குக்கும் குறை தெரியவில்லை. "ஓகே" என்றாள். சில நாளில் ஒரு பாரிலிருந்து ஸ்டீல் பீப்பாய் திரும்பி வந்தது. பீரில் வெண்ணெய் வாடை அடிக்கிறதாம். பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டு இறக்கினால் வருகிற வாடை அது. டேங்கிலேயே இன்னும் இரண்டு நாள் சூட்டில் விட்டிருந்தால் ஈஸ்டே அதைத் தின்று தீர்த்திருக்கும். முதலாளி போனில் பார்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "எங்க மூக்கம்மா பாஸ் பண்ணின சரக்குய்யா அது. உன் கடைக் குழாயை முதல்ல கழுவு!" பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அவர் தன்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருந்தது. இதை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இப்போது முதலாளிக்குப் புது ஆசை. ஸ்காட்ச் இருந்த மரப் பீப்பாய்களை வரவழைத்து, அதில் கறுப்பு பீரை ஊறவைக்க வேண்டுமாம். எந்த விஸ்கி இருந்த பீப்பாய் நம் பீருக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க முதலில் ஒரு பாட்டில் வாங்கியாக வேண்டும். அவர் வாழ்நாளில் விஸ்கி பாட்டில் வாங்கியதில்லை. அவளும்தான். "நீ எதைச் சொல்றியோ அந்தப் பீப்பாய்தான். நான் கண்ணை மூடிக்கிட்டு ஆர்டர் போட்டுருவேன்" என்று அனுப்பிவிட்டார்.

கடைக்குள் நுழைந்ததுமே மூக்குடைபட்டாயிற்று. பழக்க தோஷத்தில் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, எப்போது அடைத்தது என்று தேதி தேடினாள். பீருக்கு அதுதானே முதல் கேள்வி? புதிதாக இருந்தால் வாங்கலாம், நாள்பட்டதென்றால் வைத்துவிட்டு வரலாம். கடைக்காரர் சிரித்துவிட்டார். "இது பீப்பாயில இருக்கும்போதுதான் மேடம் வயசாகும். பாட்டிலுக்கு வந்துட்டா அப்படியே நிக்கும்." பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். முதல் பாட்டில் என்றால் புகையில்லாததாக எடுப்பது நல்லதாம். இது தேன், இது உலர்ந்த திராட்சை, இதோ இந்த மூன்றாவது மட்டும் சதுப்பு மண்ணை வெட்டி எரித்து, அந்தப் புகையில் தானியத்தைக் காயவைத்துச் செய்ததாம். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்கிற எல்லாம் அந்தக் கோப்பைகளில் இருக்கிறது. அவளுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்று வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

அவள் கணவன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஒரு சொட்டு தொட்டதில்லை. பீர் காய்ச்சுகிறவளைக் கட்டிக்கொண்டும் பச்சைத் தண்ணீர்தான். வகுப்புக்கு நேரமாகிறது என்று ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

"இதை மோந்து பாருங்க. என்ன தோணுதோ சொல்லுங்க."

"நானா? எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மூக்கம்மா நீயா நானா?"

"சும்மா வேற ஒரு மூக்குக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும். ரொம்பப் பண்ணாதீங்க."

அவன் மூக்கை முழுசாக உள்ளே திணித்து ஒரே இழுப்பாக இழுத்தான். இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணெல்லாம் தண்ணீர். "பெயிண்ட் கடை" என்றான். இரண்டாவதற்கும் "பெயிண்ட் கடைதான், பக்கத்துல யாரோ பழம் சாப்பிடறாங்க" என்றான். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நல்ல மூக்கை முகத்தில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கடையாம். மூன்றாவது கோப்பையை வாங்கும்போது அவன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"மேட்டுல வண்டியை நிறுத்திக் கிளப்பத் தெரியாம, புதுசா கத்துக்கிறவங்க கிளட்சைப் போட்டு வதைப்பாங்க இல்ல? அந்தக் கருகல்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம் ஜன்னலை இறக்கினதும் வெளியில மழை பெஞ்சிட்டு இருக்கு. எங்கேயோ ஓரமா ஒரு இனிப்பு... கரைஞ்ச சாக்லேட் மாதிரி. ஆனா கருகல்தான் முன்னால நிக்குது."

கருகல், மழை, சாக்லேட். கறுப்பு பீரில் வறுத்த தானியம் ஏற்கெனவே சாக்லேட்டாகத்தான் மணக்கும். இரண்டையும் மனதுக்குள் கலந்து பார்த்தாள். பொருந்தியது, அழகாகப் பொருந்தியது. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அது தன்னுடையதில்லை என்று நினைவு வந்து வாயெல்லாம் கசந்தது.

"இதையே குடுத்துடுங்க," என்றாள்.

காரை அவன் ஓட்டினான். அவள் பக்கத்து இருக்கையில், வழக்கமாக அவன் உட்கார்ந்து பாடம் நடத்தும் இடத்தில், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், கற்றுக்கொடுப்பவருக்கென்று வைத்த இரண்டாவது பிரேக் இருந்தது. அவன் இரண்டு தெரு தாண்டினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"வாசனை சுத்தமா வரலையா, கொஞ்சமாவது வருதா?"

அவள் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனை அழுத்தின. அவன் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டியை ஓரங்கட்டினான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கு அடுப்புல பால் தீஞ்சு வீடே புகையா இருந்துச்சு. நீ பக்கத்துல நின்னு போன் பாத்துக்கிட்டிருந்த. நான்தான் வந்து அணைச்சேன். அதுக்கு நீ 'ஐயோ, பாக்கலையே'ன்னு சொன்ன. எந்த மூக்கம்மா பால் தீயறதைக் கண்ணால பாப்பா?"

"தெரிஞ்சும் வாயைத் திறக்கல இல்ல? நான் தனியா கிடந்து சாகறேன், நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"என்னன்னு சொல்றது? மூக்குக்காகத்தான் அங்க எனக்கு மரியாதை. அது போச்சுன்னா நான் யாரு? டேங்க் கழுவறவ."

அவன் பக்கக் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது தப்பாகவாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். காரை எடுத்தான். வகுப்புக்கு நேரமானதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை.

ப்ரூவரியில் முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் கடைசி டேங்கிலிருந்து இறக்கி அடைக்க வேண்டியதுதான் பாக்கி. பழைய அச்சு மையின் கறை இன்னும் போகாத தரையில் ஈரம் படர்ந்திருந்தது. பாட்டிலைப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. "அது கிடக்கட்டும். முதல்ல இதைப் பாரு மூக்கம்மா. உனக்காகத்தான் நாங்க யாரும் இன்னும் தொடல" என்று டேங்க் குழாயிலிருந்து ஒரு கோப்பை பிடித்து நீட்டினார்.

வாங்கினாள். மூடினாள், சுற்றினாள், இழுத்தாள். நுரை உடைகிற சத்தம் காதில் கேட்டது. அவ்வளவுதான். "ஓகே" என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. சொன்னால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அதோ கவிழ்ந்து கிடக்கும் பாட்டில்களெல்லாம் நாளைக்கு நிமிர்ந்து, நிறைந்து, மூடி போட்டுக்கொண்டு ஊரெல்லாம் போகும். போனபின் அதற்குள் இருப்பதை யாராலும் மாற்ற முடியாது. அவள் கணவன் கதவோரம், காகிதம் சுற்றிய ஸ்காட்ச் பாட்டிலை யாரோ பிடித்துக்கொள்ளச் சொன்ன குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு நின்றான். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"இதை இவர் மோந்து பாக்கட்டும் சார்."

முதலாளி சிரித்தார். "அவரா? தண்ணியைத் தவிர எதையும் தொடாத மனுஷனாச்சே!"

"எனக்கு வாசனை வரல சார். காய்ச்சல் வந்ததுலேர்ந்தே வரல. திரும்பி வந்ததே அந்தப் பீப்பாய், அதுக்கு ஓகே சொன்னப்பவும் வரல."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல். அவள் கணவன் பாட்டிலை ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு வந்து கோப்பையை வாங்கிக்கொண்டான். கடையில் செய்த மாதிரி மூக்கைத் திணித்து இருமப் போகிறான் என்று அவள் பயந்தாள். அவன் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினான். மெதுவாக மூன்று சுற்றுச் சுற்றினான். கையை எடுத்ததும் மூக்கை உள்ளே விட்டு, குட்டிக் குட்டியாக மூச்சை இழுத்தான். இத்தனை வருஷமாக, தொடாமலே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வெண்ணெய்," என்றான், கண்ணைத் திறக்காமலேயே.

முதலாளி டேங்கைப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டில்களைப் பார்த்தார். கடைசியாக அவளைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் இன்னும் ஒரு தடவை என்று கையைக் காட்டிவிட்டு, கோப்பையை மறுபடியும் மூடிச் சுற்ற ஆரம்பித்தான். அவன் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த நுரையை அவன் துடைக்கவில்லை.