கிட்டங்கி மாடியில் கொடி வீசியவள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவள் நான். முடித்ததும் தலைக்கு மேல் ஒரு காற்றாடி, ஒரு மேஜை, என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஒரு பியூன் எல்லாம் காத்திருக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது இனிகோ அண்ணாச்சி சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் மொட்டை மாடி. அதற்குக் கூரைகூடக் கிடையாது.

அண்ணாச்சிக்கு மூன்று தோணிகள். கடலில் தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை ஏற்றிவந்து பழைய துறைமுகத்தில் இறக்கும். கரையில் இடம் இருக்கிறதா என்று மாடியில் நின்று கொடி காட்ட ஆள் வேண்டும். சிவப்பு என்றால் வெளியே நில், வெள்ளை என்றால் உள்ளே வா. கல்லூரி என்.சி.சி.யில் நான் கொடிப் பேச்சே படித்தவள், ஒவ்வொரு எழுத்துக்கும் கை ஒரு கோணத்தில் நிற்கும் என்று அவரிடம் ஒரு பிரசங்கம் வைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான், வெயில் தாங்குவியா என்று.

தாங்கித்தான் ஆகவேண்டும். மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை, அம்மா எனக்குப் பார்த்து வைத்திருந்த பேய்க்குளத்து மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை என்று அம்மாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

முதல் மாதம் அண்ணாச்சியைச் சபிக்காத நாள் இல்லை. மூக்குத் தோல் உரிந்தது. பக்கத்து மாடியில் யாரோ காயப்போட்ட கருவாட்டின் நாற்றம் சேலையோடு வீட்டுக்கு வந்தது. அப்புறம் எனக்கு என்ன பிடித்ததோ, ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தாலும் காற்று எந்தப் பக்கம் என்று ஜன்னலையே பார்ப்பேன். காலையில் முயல் தீவுப் பக்கம் முதல் பாய் தெரியும்போது, ஊரிலேயே அதை முதலில் பார்த்தவள் நான் என்று ஒரு திமிர் வரும். கடலே என் பொறுப்பில் இருப்பதுபோல.

அதைவிடப் பெரிய சுகம் திட்டுவது. மூத்த தோணியின் தண்டல் விக்டர், அதாவது தோணித் தலைவர், சிவப்பைக் காட்டினாலும் உள்ளே வந்து முட்டிக்கொண்டு நிற்பார். அவரை 'மடையா' என்று சொல்ல ஆங்கில எழுத்தில் கை ஏழு தடவை மாற வேண்டும். சலிக்காமல் சொன்னேன். முதலாளிகளை, பெண்ணடிமையை, கூரை போடாத இனிகோ அண்ணாச்சியை, எல்லாவற்றையும் பற்றிக் கடலைப் பார்த்துச் சொன்னேன். எதிர்ப்பேச்சே இல்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று இரண்டு வருடம் பெருமையில் மிதந்தேன்.

எழுபத்தாறில் வாக்கி டாக்கி வந்தது. தோணிக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. அண்ணாச்சி என்னைக் கீழே இறக்கி, காற்றாடிக்கு அடியில் நாற்காலி போட்டார். ஒரு வாரம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பெட்டியில் தன் மருமகன் பேசட்டும் என்றார். நான் கேட்ட காற்றாடி வந்தேவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் விக்டர் வழக்கம்போல வழியை அடைத்தார். பட்டனை அழுத்தி, கொடியில் சொன்னதையெல்லாம் வாயால் சொன்னேன். முதலாளியையும் விடவில்லை. மூச்சு வாங்கத்தான் பட்டனை விட்டேன். பெட்டிக்குள்ளிருந்து விக்டர் நிதானமாகக் கேட்டார்.

"ஏளா ஜீவமணி, இதெல்லாம் எங்கன படிச்ச?"

"ரெண்டு வருசமாக் கொடியில சொல்லுதேன். இன்னைக்குத்தான் காது வந்துச்சாக்கும்?"

"கொடியிலயா? செவப்பு வெள்ளைய விட்டா எங்களுக்கு என்னளா தெரியும்? நீ கருவாட்டுல காக்கா வெரட்டுதன்னுல்லா நெனச்சோம். பாவம், பிள்ள இந்த வெயில்ல என்ன பாடுபடுதுன்னு பேசிக்கிடுவோம்." அதே மூச்சில், "இரு, அண்ணாச்சி இங்கனதான் நிக்காவ. குடுக்கேன்" என்றார்.

அண்ணாச்சி அன்றைக்குப் பார்த்துத் தோணியில் போயிருக்கிறார். "பெட்டிய மேசையில வச்சிட்டு வீட்டுக்குப் போம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் போய், மாடியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பி.ஏ. படித்தவள், வெயிலைத் தா என்று கெஞ்சினேன்.

"அங்க என்னம்மா வேல இருக்கு? காக்கா வெரட்டலாம்னா, அது நம்ம கருவாடு இல்லயே" என்றார்.

அம்மா அன்றே பேய்க்குளத்துக்கு ஆள் அனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் விக்டரின் தோணியில் மூட்டை தூக்குகிறவனாம். பெட்டி பேசியதைப் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறான்.

அன்று வீட்டில் இரண்டு பேர் அழுதோம். அம்மா மாப்பிள்ளைக்காக, நான் மொட்டை மாடிக்காக.