மங்கையற்கரசியின் முதல் தாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. என் பேச்சைக் கெடுத்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

மட்டக்களப்பில் ஒரு வாசிகசாலையில், நாவல்களின் மறக்க முடியாத முதல் வரிகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் வரிதான் வாசகரின் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது, அதை மறந்தவர் நாவலையே மறந்தவர் என்று நாற்பது நிமிடம் அளந்து கொட்டினேன். கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் மங்கையற்கரசி, ஊர் அமிர்தகழி.

"தம்பி, முதல் வரியே இல்லாத புத்தகத்த நான் முப்பத்தைஞ்சு வருசமா வாசிக்கிறன். அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

தண்ணீர் குடித்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மங்கையற்கரசிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. (நல்ல பழக்கம்தான். அடித்துவிட்டேன்.)

வாவியில் அன்று காற்றே (வாவியை இதற்குள் இழுக்காதே. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.)

ஒரு தாள் கிழிபடும் சத்தத்தை மங்கையற்கரசி கேட்கவில்லை, ஆனால் (ஆனால் என்ன? போதும்.)

பார்த்தீர்களா, முதல் வரியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய ஆளின் இலட்சணத்தை! பேசாமல் கதைக்குள் போய்விடுகிறேன்.

3

புத்தகம் வாங்கினால் மங்கையற்கரசி தன் பெயரை மட்டையில் எழுதமாட்டார். உள்ளே இருக்கும் வெற்றுத் தாளிலும் எழுதமாட்டார். அவை கழன்று போய்விடும், கதை போகாது என்பது அவர் எண்ணம். ஆகவே கதை தொடங்கும் தாளில், முதல் வரிக்கு மேலேயே, பச்சை மையில் பெயரும் ஊரும்.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் அவருக்குப் பக்கத்துக் கட்டில், காத்தான்குடி நபீஸாவுடையது. அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "என்னகா மங்கை, கதைய நீதான் எழுதினியா?"

தொண்ணூறாம் ஆண்டு நபீஸா ஒரு நாவலை இரவல் வாங்கிப் போனார். பிறகு அந்த வருடம் நடந்ததெல்லாம் நடந்தது. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே போக்குவரத்து நின்றது. இரண்டு பக்கமும் சாவு. (இங்கே ஒரு பெரிய பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அதை எழுதத் தொடங்கினால் இந்தக் கதையை எழுதமாட்டேன்.)

நான்கு மாதம் கழித்து ஓர் அம்புலன்ஸ் ஓட்டுநர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "நபீஸா டீச்சர் குடுக்கச் சொன்னவ" என்றதோடு போய்விட்டார். மங்கையற்கரசி திறந்து பார்த்தார். முதல் தாளைக் காணோம். கிழித்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது இதுதான்:

என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

என் பெயரையே கிழித்துப் போட்டாளே! அவ்வளவு வெறுப்பா? நீ சாத்தினால் நானும் சாத்துகிறேன் என்று மங்கையற்கரசி இருந்துவிட்டார். பாதை திறந்தது, சண்டை முடிந்தது, இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. அவர் போகவில்லை.

ஆனால் புத்தகத்தை எறியவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வாசித்தார். வாசிக்கும்போதெல்லாம், காணாமல் போன முதல் வரி என்னவாக இருக்கும் என்று மனதுக்குள் ஒன்றை வைப்பார். கோபமான வருடங்களில் கோபமான வரி. கணவர் இறந்த வருடம் "வாறன்" என்ற ஒற்றைச் சொல்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: வேறு பிரதி கிடைக்காதா என்று நானும் கேட்டேன். "கிடைக்கும் தம்பி. மறுபதிப்பே வந்திரிச்சி. அதில என்ட பேர் இரிக்காதே.")

4

இனி வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். அதே கூட்டத்தில், பின்வரிசையில், நபீஸாவின் மகள் பஸ்னா இருந்தாள்.

(தற்செயல்தான். மாற்றிப் பார்த்தேன். ஒரு கடிதம் வருவதாக எழுதினேன், அது இன்னும் பெரிய பொய்யாகப் பட்டது. இந்தப் பக்கத்தில் புத்தகக் கூட்டம் வைத்தால் எப்போதும் வருவது அதே முப்பது பேர். அதில் இருவர் இவர்கள். விடுங்கள்.)

பிளேன்டீ குடிக்கும்போது பஸ்னா கிட்ட வந்தாள்.

"டீச்சர், உங்கட புத்தகத்தில இல்லாத அந்தத் தாள்ல மேல பச்ச மையில பேர் எழுதியிரிந்ததா?"

மங்கையற்கரசி கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கட உம்மா காணி உறுதிப் பத்திரத்தோட ஒரு தாள் வெச்சிரிக்கா டீச்சர். ஆரையும் தொட உடமாட்டா. வாறீங்களா?"

அன்று அவர் போகவில்லை. ஒரு கிழமை தூக்கமில்லாமல் கிடந்தார். வெறுப்பில் கிழித்தவள் என்று நம்பியே காலத்தை ஓட்டியாயிற்று. போய்க் கேட்டு, அது உண்மையென்றே ஆகிவிட்டால்? அதைவிடப் பெரிய பயம், அது பொய்யென்று ஆகிவிட்டால்? அத்தனை வருடத்தையும் யாரிடம் போய்க் கேட்பது?

5

கல்லடிப் பாலம் தாண்டினால் காத்தான்குடிக்கு எவ்வளவு நேரம்? கொஞ்ச நேரம்தான். புத்தகத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

நபீஸா வாசலில் நின்றார். முழங்கால் வருத்தம், கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

"ஏன்கா கிழிச்சாய்?" சுகமா என்றுகூட மங்கையற்கரசி கேட்கவில்லை.

"மறுகா என்னகா செய்யச் சொல்றாய்? வழியில மறிக்கிறவன் எவனெண்டு தெரியாது. உன்ட பேரும் ஊரும் கொட்டையெழுத்தில கிடக்கு. கொண்டு வாற மனிசன்ட உசிருக்கு ஆர் பொறுப்பு? நீ மட்டையில எழுதியிரிந்தா மட்டையக் கிழிச்சிருப்பன். கதைக்கு மேல ஏறி இரிந்தது நீதானே!"

"அப்ப தாள ஏன் வெச்சிரிக்காய்?"

"உன்ட பேர எறியச் சொல்றியா? நீ வந்து ஏசுவாய், அப்ப குடுப்பம் எண்டு பாத்துக்கிட்டிரிந்தன். நீ வரல்ல. உனக்கு என்ட முகத்தில முழிக்க விருப்பமில்லயாக்கும் எண்டு நானும் இரிந்திட்டன்."

மங்கையற்கரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அப்பாடா! (இதைவிட இலக்கியமான சொல் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் வாயில் வந்ததும் அதுதான்.)

தாள் வந்தது. மடிப்புகளில் பழுத்திருந்தது. பச்சை மை அப்படியே இருந்தது.

"இந்தா, வாசி."

"கண்ணாடி கொண்டுவரல்ல. நீ வாசி."

கண்ணாடி கைப்பைக்குள்தான் இருந்தது. நபீஸா தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல, முதலில் பெயரை வாசித்தார், பிறகு ஊரை, பிறகு அந்த வரியை.

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அந்த வரி இருவரையும் உலுக்கியது. ஒன்றில் அது படுசப்பையாக இருந்து, "இதுக்கா இந்தக் காலம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவதில் நபீஸாவின் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை, அவராகவே ஒன்றை (வேண்டாம், அழவைக்கப் பார்க்கிறேன்.)

மங்கையற்கரசியிடமே தொலைபேசியில் கேட்டேன்.

"நல்லாத்தான் இரிந்திச்சி தம்பி. உங்களுக்குச் சொல்லமாட்டன். நாப்பது நிமிசம் பேசுற ஆள்தானே, நீங்களே ஒண்டு எழுதுங்க."

தாளைப் புத்தகத்தில் ஒட்டியாயிற்றா என்றேன்.

"ஒட்டியாச்சு. புத்தகம் இப்ப நபீஸாட்ட. இரவல் குடுத்திட்டு வந்திட்டன்."

ஆகவே அந்த வரி என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கதையின் முதல் வரிக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. அங்கே உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். நீங்கள் பேசாமல் விட்ட ஆளுக்கு இதை இரவல் கொடுங்கள். முடிவை அவர் கொண்டுவந்து தரட்டும்.