எட்டு நிரை

கோலாலம்பூரில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கலைக்குழு நடத்துகிறோம். பெயர் 'தலைகீழ்'. சுவரில் மாட்டிய ஓவியம் செத்த ஓவியம்; பார்ப்பவனைச் சங்கடப்படுத்தாத கலை வெறும் அலங்காரம்; எந்தப் படைப்பிலும் கையெழுத்து இருக்கக்கூடாது. எங்கள் கொள்கைகள் இவ்வளவுதான். மூன்றாவதை எழுதியவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருடம், கேமரன் மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு கலகம் செய்யலாம் என்றேன். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்பது அங்கே விதி. அதைக் கேலி செய்ய, சுற்றுப்பயணிகள் கேக் தின்றபடி படம் பிடிக்கும் தேநீர்க்கடைக்கு நேர் எதிர்ச் சரிவில், செடிகளாலேயே ஒரு பெரிய வீடு வரைய வேண்டும். அந்தச் சரிவில் கொழுந்து வெட்டுபவர் என் அத்தை ருக்குமணி. அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அத்தையிடம் எதையும் விளக்கவில்லை. "அடியில செவப்புக் கயிறு கட்டின செடிய மட்டும் ரெண்டு ரவுண்டு வெட்டாம விட்டுடுங்கத்தே. ஒரு படம் எடுக்கணும்."

"கங்காணி பாத்தா ஏசுவாருடா தாசு."

"பக்கத்துல நின்னா ஒண்ணும் தெரியாது லா."

"என்னமோ போ. நீ கேக்கிறியேன்னு செய்றேன்."

ஆறு வாரத்தில் வீடு எழுந்தது. வெட்டிய செடிகள் கரும்பச்சையாக அடங்கிக் கிடக்க, விட்ட செடிகள் இளம்பச்சையாகத் துளிர்த்து நின்றன. கூரை, சுவர், ஜன்னல். படத்தைப் பெயர் போடாமல் இணையத்தில் விட்டோம். இரண்டே நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு. கையெழுத்து இல்லை, யாரையும் பிடிக்க முடியாது என்று மார்தட்டிக்கொண்டோம்.

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு நோட்டைத் திறந்தார், அவ்வளவுதான். எந்த நிரை, அதாவது எந்தச் செடிவரிசை, யாருக்கு என்று அதில் இருக்கும். வீடு நின்றது எட்டு நிரையில். எட்டுக்கும் ஒரே பெயர், ருக்குமணி.

அந்த நோட்டு எனக்குத் தெரியாததா? என் அம்மாவின் பெயரும் ஒரு காலத்தில் அதில் இருந்தது. தெரிந்தும் நினைக்காமல் இருந்தேன். படம் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஓடினேன். அத்தை வீட்டு வாசலிலேயே சொன்னேன். "மேனேஜர்கிட்ட நானே போயி எல்லாத்தையும் சொல்லிடுறேன் அத்தே."

"வாய மூடு. எனக்குக் கண்ணு தெரியல, அதான் செடிய விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

"அத யாரு நம்புவா?"

"மேனேஜர் தொரைக்கு அத நம்புறதுதான் வசதி. வயசான பொம்பள கண்ணு தெரியாம செஞ்சதுன்னா பேப்பர்காரன் வரமாட்டான்ல? டாக்டர் கடுதாசி கொண்டா, வேலையிலேருந்து நிறுத்திக்கிறோம், ஆறு மாசம் வீட்டுல இருந்துக்கன்னு சொன்னாரு. வேணும்னு செஞ்சதுன்னா ஒரு வாரத்துல வீட்டக் காலி பண்ணணும். நீ போயி சொல்லிடாத சாமி."

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழியும் அடைபட்டுப்போனது. கையெழுத்துப் போடாதே என்று நான் எழுதிய கொள்கை என் தலையிலேயே விடிந்தது.

மறுநாள் காலை நான்தான் அத்தையை டவுனுக்குக் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். உள்ளங்கை அகல எழுத்தைக் காட்டியபோதும், "தெரியல டாக்டர்" என்றார் அத்தை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூடப் பொய் சொல்லி லீவு எடுக்காதவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

டாக்டர் கொடுத்த கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தோட்டம் நெருங்கியதும் சட்டென்று என் தோளைத் தட்டினார்.

"வண்டிய நிறுத்து."

ஓரமாக நிறுத்தினேன். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் அவருடைய சரிவு. வீடு இருந்த அடையாளமே இல்லாமல் வெட்டியிருந்தார்கள். அந்த நிரைகளை யாரோ புது ஆளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

"என் நெரையில பாரு. மேல, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. ஒரே ஒரு செடிய விட்டுட்டான். தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எனக்கு வெறும் பச்சைதான் தெரிந்தது.

"தெரியுது அத்தே," என்றேன்.