பத்து எண்ணும் வரை ஏலம்

ஏலக்காரருக்கு "ஒரு தரம்" வரும். "ரெண்டு தரம்" தட்டுத் தடுமாறி வரும். மூன்றாவதற்குள் இருமல் முந்திக்கொள்ளும். அவர் இருமி முடிப்பதற்குள் கூட்டத்தில் யாராவது விலையை ஏற்றிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. ஒரு தையல் மெஷினை விற்க அரை நாள் ஆனதும் ஏலக்கூடத்து முதலாளி பொறுமை இழந்தார். "மூணு தரத்தையும் ஒரே மூச்சுல சொல்ல முடிஞ்சா வாங்க. இல்லேன்னா வீட்லயே இருங்க," என்று சொல்லிவிட்டார். மனுஷன் இடிந்துபோனார்.

அவருடைய நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு டாக்டர் புதிதாக ஒரு இன்ஹேலர் கொடுத்தார். "இதுல மருந்து நானோ துகள்களா இருக்கு. சளியத் தாண்டி நுரையீரலோட அடிவரைக்கும் போகும். மெதுவா உள்ள இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் மூச்சப் பிடிங்க. அப்புறம் மறக்காம வாயக் கொப்பளிங்க."

"கண்ணுக்கே தெரியாதுங்கறீங்க. டப்பாவுக்குள்ள இருக்குன்னு எப்படி நம்புறது?" என்று ஏலக்காரரின் மனைவி கேட்டாள். டாக்டர் சிரித்து மழுப்பினார்.

மறுநாள் காலை ஏலக்காரர் மருந்தை இழுத்து, கன்னம் உப்ப உட்கார்ந்தார். மனைவி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். நாலாவது விரலில்தான் அவளுக்கு உறைத்தது: கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் எதிர்ப்பேச்சு பேசாமல் உட்கார்ந்திருப்பது இதுவே முதல் தடவை. விடுவாளா?

"இந்தப் பழைய சோபா, தட்டினா ஒரே புழுதி. தூக்கிப் போட்டுடலாமா? ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" மேஜையில் கரண்டியால் ஒரு போடு போட்டாள்.

ஏலக்காரர் கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், சோபாவைக் கட்டிப்பிடித்தார். வாயைத் திறந்தால் அத்தனை துகள்களும் பறந்துவிடுமே! ஏலத்தில் யாரும் சீந்தாததை அவரே ஆசை ஆசையாக வாங்கிவந்த சோபா அது. அன்று சாயங்காலமே வீட்டை விட்டுப் போயிற்று.

அடுத்து பாதி முடி கொட்டிய கரடித்தோல் போனது. அப்புறம் கம்பளம், அப்புறம் ஓடாத கடிகாரம். வீட்டில் புழுதி குறைந்தது, அவருக்கு இழுப்பும் குறைந்தது. மருந்தால்தான் என்றார் அவர். சோபா போனதால்தான் என்றாள் அவள். டாக்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருந்தையும் நிறுத்த வேண்டாம், சோபாவையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்றார்.

ஒரு நாள் காலை விற்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"பழைய ஆள் ஒண்ணு. வாய் ஜாஸ்தி. வேற யாரும் கேக்க மாட்டாங்க, நானே எடுத்துக்கறேன். ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூன்றாவது அவளுக்கு வரவில்லை. ஓங்கிய கரண்டி பாதியில் நின்றது. "நீங்க திணறும்போதெல்லாம் எனக்கு எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா? சொன்னா கிண்டல் பண்ணுவீங்கன்னுதான் சொல்லல," என்றாள்.

ஏலக்காரருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பத்து முடியும்வரை அவர் மூச்சை விடவில்லை. மருந்தாயிற்றே! பிறகு மெல்ல விட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

ஒரே மூச்சு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருமல் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"இந்த அம்மாவுக்கே! வித்த பொருள் வாபஸ் கிடையாது," என்றார்.

"தெரியும், தெரியும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல போய் வாயக் கொப்பளிங்க. வாங்கின பொருள நான் சுத்தமாத்தான் வெச்சுக்குவேன்."