சாவுக்கு வந்த அழுங்கு

“நான் செத்தன்னிக்குப் பாரு, காட்டுல இருந்து ஒரு அழுங்கு நடந்து வரும். எம் பாடைக்கு அடியில தலைய வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் அது மறுவேல பாக்கும்.”

இதை நாச்சிமுத்து குறைந்தது ஒரு லட்சம் தடவையாவது சொல்லியிருப்பார். லட்சத்து ஒன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தவர்தான், இன்று காலை ஏழு மணிக்குத் திறந்த வாய் திறந்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்த வாயை மூடத்தான் சென்னம்மாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியை உச்சந்தலையில் இழுத்து முடிந்தாள். முடிச்சு நழுவியது. மறுபடி முடிந்தாள். மறுபடி நழுவியது.

“செத்தும் மூட மாட்டேங்குது பாரு.”

தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெருமாயி, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டி இருமிவிட்டாள்.

வாய் அப்பேர்ப்பட்ட வாய். இளவட்டத்தில் தான் பிடித்ததாக அவர் சொன்ன அழுங்குகளை எல்லாம் நம்பினால், கொல்லிமலையில் மரத்தைவிட அழுங்குதான் அதிகம் இருந்திருக்க வேண்டும். புகை போட்டு வளையை விட்டுக் கிளப்பினால் பயத்தில் பந்தாகச் சுருண்டுகொள்ளும், உடம்பெல்லாம் ஓடு போர்த்த எறும்புதின்னி அது. அப்படிச் சுருண்ட ஒன்றை மலை உச்சியில் உருட்டிவிட்டு இவர் பஸ் ஏறுவாராம். எழுபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, பஸ்ஸுக்கு முன்னால் அது அடிவாரத்துக்குப் போய், வியாபாரி கடை வாசலில் இவருக்காகக் காத்திருக்குமாம். நாலு நாட்டு ஜனமும் வாயைப் பிளந்து கேட்கும். நம்பாத ஒரே ஆள் சென்னம்மாள். நாற்பத்திரண்டு வருஷமாக, கூட்டத்துக்கு நடுவிலேயே உதட்டைச் சுழித்து அவள் சொல்வது ஒன்றுதான்: “வந்துச்சு, வந்துச்சு!”

தொண்ணூற்றெட்டில், இவர்கள் ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்த வாழவந்தி நாட்டில், காட்டைக் காக்க வனக்குழு போட்டார்கள். கள்ளனுக்குத்தானே வழி தெரியும் என்று நாச்சிமுத்துவையே தலைவராக்கினார்கள். மனுசன் ஒரே நாளில் தலைகீழாக மாறிவிட்டார். கேஸ், கோர்ட் எல்லாம் மலைக்காரனுக்கு உறைக்காது என்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். காட்டு உயிரைப் பிடித்தவன் வீட்டில் சாவு விழுந்தால், ஊரில் ஒருத்தன் தோள் கொடுக்கக்கூடாது. வண்டி போகாத மலைச்சரிவில், ஒன்றரை மைல் தள்ளி இடுகாடு. தோள் இல்லை என்றால் பிணம் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மறு வருஷமே அது சின்னுசாமி தலையில் விழுந்தது. இரண்டு தேவாங்கைப் பிடித்துக் கீழே விற்றான். அதே மாசம் அவன் அம்மா செத்துப்போனாள். ஒரு நாயும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீரோடு கிளம்பிய சென்னம்மாளை நாச்சிமுத்து வாசலில் குறுக்கே கை வைத்து நிறுத்தினார். கொட்டுகிற மழையில் சின்னுசாமி தன் அம்மாவைக் கயிற்றால் முதுகோடு கட்டிக்கொண்டு தனியாகச் சரிவில் இறங்கினான். மூன்று இடத்தில் விழுந்தான். “சட்டம்னா இது சட்டம்! எம் பொணமே ஆனாலும் இதே சட்டந்தான்!” என்று வரப்பில் நின்று மார் தட்டினார் நாச்சிமுத்து. சென்னம்மாள் அதற்கும், “வந்துச்சு, வந்துச்சு” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

அந்தச் சின்னுசாமிதான் இப்போது குழுவின் காவல்காரன். நாச்சிமுத்துவைவிடக் கெடுபிடி. பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டி வந்தவனும் அவன்தான். தோளில் துண்டைப் போட்டு, தூக்கப்போகும் நாலு பேரில் முதல் ஆளாக நின்றான். சட்டை இல்லாத தோளில் அன்றைக்குக் கயிறு அறுத்த தழும்பு இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.

“அக்கா, கோடித்துணி கொண்டாங்க. பொழுது மேக்க சாயறதுக்குள்ள போயிரலாம்.”

சென்னம்மாள் உள் அறைக்குப் போனாள். குச்சிக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ சுரண்டியது. எலி என்று நினைத்தாள். எலி இவ்வளவு பெருமூச்சு விடாது. வாய் கட்டிய உரச்சாக்கு ஒன்று தானாக நகர்ந்தது. அவள் தொட்டாள். சாக்குக்குள் ஓடுகள் சரசரவென்று உரசின.

பின்னாலேயே மகன் செல்லமுத்து வந்துவிட்டான்.

“என்னடா இது?”

“மெதுவாப் பேசும்மா. குழுக்காரங்க வெளிய நிக்கறாங்க.”

“எப்படா புடிச்ச?”

“நேத்து சாயங்காலம்.”

நேற்று சாயங்காலம் நாச்சிமுத்து மூன்று தடவை, “செல்லமுத்து எங்க?” என்று கேட்டார். மருந்து வாங்கப் போயிருக்கிறான் என்று அவள் மூன்று தடவையும் பதில் சொன்னாள்.

படுக்கையில் விழுந்த இந்தப் பத்து நாளும் அவருக்கு ஒரே பேச்சுத்தான். ரெட்டைப் பாறை இடுக்கில் ஒரு வளை இருக்கிறது, மலையிலேயே மிஞ்சிய அழுங்கு அதில்தான் குடியிருக்கிறது, அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று. காய்ச்சல் உளறல் என்று அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகன் சுழிக்கவில்லை.

“ரெட்டப் பாறையா?”

“ஐயன் ஆயுசுல சொன்ன ஒரே நெசம் அதுதாம்மா.” செல்லமுத்துவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. “லாரிக்காரன் அடிவாரத்துல நிக்கறான். பொணம் போன கையோட கொண்டுபோயிருவேன். நீ மட்டும் வாயத் தொறந்த, ஐயன நாய்தான் இழுக்கும். பாத்துக்க.”

சென்னம்மாள் கோடித்துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“தூக்குங்க சாமி,” என்றாள். “சீக்கிரம் தூக்குங்க.”

இத்தனை அவசரப்படுகிற பெண்டாட்டியை மலை கண்டதில்லை. பெருமாயி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பாடையில் கிடத்தினார்கள். துணியைப் போர்த்தினார்கள். நாலு பேரும் குனிந்தார்கள்.

அப்போதுதான் அது நிலைப்படியைத் தாண்டியது.

கூன் போட்டுக்கொண்டு, முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கி, பட்டப்பகலில், நாலு நாட்டு ஜனத்துக்கு நடுவில். பறைமேளம் நின்றது. பயந்த பிராணிக்கு இருட்டாகத் தெரிந்த ஒரே இடம் பாடைக்கு அடியில்தான். அங்கே போய்த் தலையைத் தரையில் பதித்து, பந்தாகச் சுருண்டுகொண்டது.

அடுத்த மூச்சில் பெருமாயி குலவையிட்டாள். அரியூர் நாட்டுக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு விழுந்து கும்பிட்டார். “சொன்னாரே! மவராசன் சொன்னாரே!” என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது செல்லமுத்துதான்.

“ஐயன் வாக்குப் பலிச்சுருச்சு! கும்புட வந்துருக்குது! தூக்குங்கப்பா, தூக்குங்க!”

சின்னுசாமி தூக்கவில்லை. குந்தி உட்கார்ந்து பாடைக்கு அடியில் பார்த்தான். அழுங்கின் பின்னங்காலில் ஒரு முழம் சணல் கயிறு இருந்தது. பார்த்தவன் எழுந்து சென்னம்மாள் பக்கம் திரும்பினான்.

“ஏனுங்கக்கா. அவரு சொன்னது எதையும் நீங்க நம்புனதில்ல. ஊருக்கே தெரியும். அதனால உங்களைக் கேக்கறன். நீங்க சொன்னா நாங்க தூக்கறம்.” துண்டைத் தோளில் சரி செய்துகொண்டான். துண்டின் ஓரத்தில் தழும்பு தெரிந்தது. “இது காட்டுல இருந்து தானா வந்துச்சுங்களா?”

எல்லோரும் அவள் உதட்டைப் பார்த்தார்கள். செல்லமுத்து தலையை ஆட்டினான், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

சென்னம்மாள் உள்ளே போனாள். கிழிந்த உரச்சாக்கை எடுத்து வந்து, பாடைக்கு முன்னால் கிழிசல் மேலே தெரிகிற மாதிரி விரித்தாள். சாக்கிலிருந்து நகம் போல இரண்டு ஓடுகள் கீழே விழுந்தன. வாய் கட்டிய சணல் அதன் கழுத்திலேயே இருந்தது.

“அம்மா!” என்றான் செல்லமுத்து.

துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோளை விட்டு இறங்கின. செருப்பை எறிந்தவர் தேடிப் போட்டுக்கொண்டார். பறைக்காரர்கள் மேளத்தை முதுகில் மாட்டினார்கள். பெருமாயிகூட முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். வாசல் காலியாக, ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சின்னுசாமி சணலை அறுத்தான். சுருண்டது சுருண்டபடி அழுங்கை அள்ளி மாரோடு வைத்துக்கொண்டான். போகிறவன் நின்று, தன் துண்டை நாலாக மடித்து, பாடையின் முன்கொம்பில் வைத்துவிட்டுக் காட்டுப் பக்கம் ஏறினான்.

பின்கொம்பு இரண்டுக்கும் நடுவில் செல்லமுத்து புகுந்துகொண்டான். முன்னால் சென்னம்மாள் புடவையை இடுப்பில் செருகினாள். துண்டைத் தோளில் போட்டுக் குனியும்போது பார்த்தாள். முடிச்சு நழுவி, வாய் மறுபடியும் திறந்திருந்தது. அவள் அதைக் கட்டவில்லை.

“ஏனுங்க,” என்றாள் அவர் காதருகில். “வந்துச்சுங்க. நீங்க சொன்னாப்புலயே வந்துச்சுங்க.”